எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? முதலில் ஈ.பி. பில்லை எடுங்கள்

ஒரு காலத்தில் நம் வாசகர்கள் அதிகம் கேட்ட கேள்வி, "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கலாமா, பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கலாமா?" என்பதுதான். பின்னர் அது டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா என்று மாறியது. இப்போது அதே வீடுகளில் இருந்து வரும் கேள்வி, "எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?" என்பது. காருக்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் எனச் சிலர் நினைக்கலாம். லித்தியம் பேட்டரி, சார்ஜர், சாஃப்ட்வேர் அப்டேட், மொபைல் ஆப் என இந்தக் காரில் இருப்பவை எல்லாம் நாம் ஏற்கெனவே பழகியவைதான். ஒரே ஒரு வித்தியாசம். நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக் கொண்டு ஓட்டிவிடலாம். பன்னிரண்டு, பதினைந்து லட்சம் போட்டு, ஐந்து முதல் ஏழு வருடம் தவணை கட்டும் பொருளில் அப்படி விட முடியாது.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் வீட்டின் கடைசி ஆறு ஈ.பி. பில்கள். இரண்டாவது, இப்போது ஓட்டும் கார் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கணக்கு. இந்த இரண்டும் இல்லாமல் விற்பனையாளரிடம் பேசினால், அவர் போடும் கணக்கைத்தான் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும்.

பேட்டரியை யூனிட்டில் பாருங்கள்

விளம்பரங்களில் 24 கிலோவாட் ஹவர், 38 கிலோவாட் ஹவர், 45 கிலோவாட் ஹவர் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம். ஒரு கிலோவாட் ஹவர் என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான். அதாவது 45 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால், 45 யூனிட் மின்சாரம் பிடிக்கும் டேங்க். 2020 ஜனவரியில் வந்த முதல் டாட்டா நெக்ஸான் இ.வி.யில் 30.2 யூனிட் பேட்டரி இருந்தது. 2022ல் வந்த டியாகோ இ.வி.யில் 19.2, 24 என இரண்டு வகைகள். 2025ல் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கில் 42, 51.4 என இரண்டு வகைகள்.

இந்த டேங்க் எத்தனை கிலோமீட்டர் தரும் என்பதில்தான் குழப்பம் ஆரம்பம். ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? கார் கம்பெனிகள் சொல்லும் கிலோமீட்டர் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதே ஜாதிதான். அது பரிசோதனைக் கூடத்தில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி எடுத்த அளவு. நம் நாட்டில் இதற்குப் பின்பற்றும் முறையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றி, ஏ.சி.யை முழுதாக வைத்து, நான்கு வழிச் சாலையில் 100ல் போவதை அந்தச் சோதனை காட்டாது.

முதல் நெக்ஸான் இ.வி.க்குச் சொல்லப்பட்டது 312 கிலோமீட்டர். ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 200ஐ ஒட்டி. 2024ல் டாட்டா நிறுவனமே ஒரு நல்ல காரியம் செய்தது. சோதனைக் கூட அளவோடு, வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்குச் சாலையில் கிடைக்கக் கூடிய அளவையும் சேர்த்து வெளியிடத் தொடங்கியது. நெக்ஸானின் 45 யூனிட் வகைக்குச் சோதனை அளவு 489 கிலோமீட்டர்; சாலை அளவு 350 முதல் 370 வரை. இதிலிருந்து நமக்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு கிடைக்கிறது. எந்தக் கம்பெனி எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் 70 சதவீதத்தை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். அதிலும் பேட்டரியை யாரும் பூஜ்யம் வரை இறக்கி ஓட்டுவதில்லை. வெளியூர் செல்லும்போது 15 சதவீதத்தில் மனம் சார்ஜரைத் தேட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். டிராஃபிக் ஜாமில் மாட்டிக் கொண்டால் பேட்டரி காலியாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். நிற்கும் காரில் மோட்டார் மின்சாரம் எடுப்பதில்லை. ஏ.சி. மட்டும் ஓடும், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகலாம். கத்திப்பாராவில் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் கார்தான் வீணாகக் குடிக்கிறது. எலெக்ட்ரிக் காருக்கு எதிரி வேகம். 80ல் போவதற்கும் 110ல் போவதற்கும் நடுவே கிடைக்கும் தூரம் கண்ணெதிரே குறையும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். இது முழுப் பொய் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் உங்கள் வீட்டுக்கு இது பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டும். காரணம், நம் மின் கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுகிறது. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி 400 யூனிட் வரை ஒரு யூனிட் ஐந்து ரூபாய்க்குள் வருகிறது. 400க்கு மேல் ஆறு ரூபாய் சொச்சம். 500ஐத் தாண்டினால் எட்டரையை ஒட்டி. 600க்கு மேல் ஒன்பதரையை ஒட்டி. 800க்கு மேல் பத்தரையை ஒட்டி. 1000த்தைத் தாண்டினால் பதினொன்றரைக்கும் மேல். போதாததற்கு, மொத்தம் 500க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகை விலையும், 500ஐத் தாண்டினால் போய்விடும்.

காருக்குப் போகும் மின்சாரம் இந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் ஏறுவதில்லை. வீட்டுக்கு ஃபேன், ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே ஏறி நிற்கும் படியில் இருந்துதான் கார் மேலே ஏறத் தொடங்கும். எனவே உங்கள் சராசரிக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். கடைசி யூனிட்டின் விலையைப் பாருங்கள்.

ஓர் உதாரணம். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். வீட்டில் இரண்டு மாதத்திற்கு 400 யூனிட் ஆகிறது. நடுத்தர அளவு எலெக்ட்ரிக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை முதல் ஏழு கிலோமீட்டர் தரும். இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டருக்கு 300 யூனிட் என வைத்துக் கொள்வோம். 400 யூனிட் வீடு 700 யூனிட் வீடாகிவிடும். பில் சுமார் 1,200 ரூபாயில் இருந்து 3,800 ரூபாயைத் தாண்டிப் போகும். கூடுதலாக வந்தது ஏறத்தாழ 2,650 ரூபாய். காருக்குப் போன யூனிட் ஒவ்வொன்றும் ஒன்பது ரூபாயை நெருங்குகிறது. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு.

இப்போது பெட்ரோலைப் பார்ப்போம். லிட்டர் நூறு ரூபாய், நகரத்தில் மைலேஜ் 15 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. அதே 2,000 கிலோமீட்டருக்கு 13,300 ரூபாய். படிக்கட்டில் எவ்வளவு ஏறினாலும் மின்சாரம்தான் மலிவு. இரண்டு மாதத்தில் மிச்சம் 10,600; ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000 ரூபாய். ஒரே தரத்தில் உள்ள பெட்ரோல் காரை விட எலெக்ட்ரிக் கார் மூன்று லட்சம் கூடுதல் என்றால், ஐந்து ஆண்டுக்குள் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம்.

அடுத்து, கும்பகோணத்தில் ஓய்வு பெற்று இருக்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் என மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறார். இவருக்கும் வீட்டில் 400 யூனிட்தான். கார் வந்தால் இரண்டு மாதத்திற்கு 120 யூனிட் கூடும்; பில் ஆயிரம் ரூபாய் சொச்சம் ஏறும். மிச்சமாகும் பெட்ரோல் 5,300 ரூபாய்க்கு. கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 26,000 ரூபாய் லாபம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கூடுதலாகக் கொடுத்த மூன்று லட்சம் திரும்பி வரப் பதினோரு வருடத்திற்கு மேல் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் உத்தரவாதமோ எட்டு வருடம். அந்த மூன்று லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் கடனாக வாங்கியிருந்தால், முதல் வருட வட்டியே 25,000 ரூபாயை ஒட்டிப் போய்விடும். மிச்சம் பிடித்தது அத்தனையும் வங்கிக்கு.

பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்திற்காகக் கும்பகோணத்துக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கினால் அது நஷ்டம். சத்தமில்லை, கியர் மாற்ற வேண்டாம், முழங்கால் வலிக்குக் கிளட்ச் தொல்லை இல்லை என்பதற்காக வாங்கினால் அது வேறு விஷயம். அப்படி வாங்குவதில் தவறே இல்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் எண்களைப் போட்டு ஒரு எக்ஸெல் ஷீட்டில் இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. கோடையில் ஏ.சி. ஓடும் பில்லையும், கார்த்திகை, மார்கழியின் பில்லையும் தனித்தனியாகப் போடுவது நல்லது. சர்வீஸ் செலவில் வருடத்திற்குச் சில ஆயிரம் மிச்சமாவதையும் சேர்த்துக் கொள்ளலாம். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது. பிரேக் பேடும் அதிக நாள் வரும்; காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. டயர் மட்டும் சீக்கிரம் தேயும், வண்டியின் எடை அதிகம் என்பதால்.

பழைய சலுகைகளை நம்ப வேண்டாம்

எலெக்ட்ரிக் கார் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்னும் பலர் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். அந்த 80இ.இ.பி. பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்குத்தான். புதிய கடனுக்குக் கிடையாது. மத்திய அரசின் மானியத் திட்டங்களான ஃபேம் 2, அதன் பின் 2024ல் வந்த பி.எம். இ-டிரைவ் இரண்டிலும் சொந்த உபயோகக் கார்களுக்கு மானியம் இல்லை. ஸ்கூட்டருக்குக் கிடைத்ததைப் பார்த்து, காருக்கும் உண்டு என நினைத்துக் கொள்கிறார்கள்.

இருப்பது ஜி.எஸ்.டி. சலுகை. 2019 ஆகஸ்டில் எலெக்ட்ரிக் வாகனங்களுக்கு வரி 12ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 2025 செப்டம்பர் 22ல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரியும் 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் செஸ் சேர்த்து 29 சதவீதம் அளவில் இருந்தது அது. எனவே சிறிய கார்களில் பெட்ரோலுக்கும் எலெக்ட்ரிக்குக்கும் உள்ள விலை இடைவெளி பெரிதாகிவிட்டது. அதற்கு முந்தைய கணக்குகளை யாராவது காட்டினால் ஒதுக்கி விடுங்கள். தமிழக அரசு எலெக்ட்ரிக் வாகனங்களுக்குச் சாலை வரியில் முழு விலக்கை 2025 இறுதி வரை என அறிவித்திருந்தது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் நடப்பில் உள்ள ஆணை எது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கொண்டு, ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

இரவில் எங்கே சார்ஜ் செய்வீர்கள்?

எங்களைக் கேட்டால் மைலேஜை விட, விலையை விட, இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். மேலே போட்ட கணக்கெல்லாம் வீட்டில் சார்ஜ் செய்தால்தான். வெளியே உள்ள ஃபாஸ்ட் சார்ஜர்களில் வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டி வாங்குகிறார்கள். இடத்தைப் பொறுத்து கூடும், குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய் ஆகிவிடும். தினமும் அப்படித்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்றால் மிச்சம் பாதியாகக் குறையும். அரை மணி, முக்கால் மணி காத்திருப்பு வேறு.

தனி வீடு, சொந்த போர்டிகோ என்றால் கவலையில்லை. பெரும்பாலான கார்களோடு வரும் சாதாரண சார்ஜரை 15 ஆம்ப் பிளக்கில் செருகினால் மணிக்கு 3 யூனிட் அளவில் ஏறும். முப்பது யூனிட் பேட்டரி காலியில் இருந்து நிறையப் பத்து மணி நேரம். இதைக் கேட்டதும் பலர் மலைத்துப் போய், 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் சார்ஜர் வேண்டும் என்பார்கள். தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத் தேவைப்படுவது ஏழெட்டு யூனிட். இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். இரவு சாப்பிட்டுவிட்டுச் செருகினால் படுக்கும் நேரத்தில் முடிந்திருக்கும். வால்பாக்ஸ் போட வேண்டுமானால் மின்வாரிய செக்‌ஷன் ஆபீசில் லோடை உயர்த்த வேண்டும், பெரும்பாலும் மூன்று பேஸ் இணைப்பு கேட்பார்கள். பெரிய பேட்டரி வாங்கி, அடிக்கடி வெளியூர் ஓடுபவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு வீண் செலவு.

ஆனால் அந்த 15 ஆம்ப் பிளக் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் எடுக்கும் அதே கரண்டை, கார் மணிக்கணக்கில் நிற்காமல் எடுக்கும். சாதாரண சாக்கெட் சூடாகி உருகிவிடும். நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து, மீட்டர் போர்டில் இருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரைத் தனியாக இழுத்து, தனி எம்.சி.பி., அதோடு ஆர்.சி.சி.பி. போட்டு, தொழிற்சாலைகளில் போடும் வகை சாக்கெட் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

எர்த் மிக முக்கியம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் எர்த் என்பது சுவரில் மூன்றாவது ஓட்டையாக மட்டும் இருக்கும். உள்ளே ஒயர் எங்கும் போய்ச் சேராது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று அடிக்கிறதே, அந்த வீடுகள்தான். கம்ப்யூட்டர் அதைப் பொறுத்துக் கொள்ளும். காரின் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். புதுக் கார் வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டரைத் திட்டுவதற்கு முன், எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கார் வருவதற்கு முன்பே பார்த்தால் இன்னும் நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை வேறு. உங்கள் மீட்டர் ஒரு மூலையில், பார்க்கிங் இன்னொரு மூலையில் இருக்கும். நடுவே நாற்பது மீட்டர் ஒயர், அதைவிட நீளமாக அசோசியேஷன் மீட்டிங். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டின் இருக்கும் இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்து கொள்ளலாம் என்கிறது. ஆனால் பொது இடத்தில் ஒயர் இழுக்க அசோசியேஷன் ஒத்துழைப்பு வேண்டும். "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருப்பார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. விவரங்களோடு எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்த வரைபடத்தைக் காட்டி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு காருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். முதலில் காரை எடுத்துவிட்டு, பிறகு பேசிக் கொள்ளலாம் என்று இறங்க வேண்டாம். வாடகை வீடு என்றால் இன்னும் கவனம். அடுத்த வீட்டுக்கு மாறும்போது பிளக்கும் கூடவே வராது.

தெருவில் நிறுத்துபவர்கள், அலுவலகத்திலும் சார்ஜர் இல்லாதவர்கள், இப்போதைக்கு எலெக்ட்ரிக் கார் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

லேப்டாப் பேட்டரி மூன்றே வருடத்தில் போகிறதே?

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கே வரும் சந்தேகம் இது. லேப்டாப்பில் இருப்பதும் லித்தியம், காரில் இருப்பதும் லித்தியம். அப்படியென்றால் மூன்று வருடத்தில் காருக்கும் அதே கதிதானே?

இல்லை. லேப்டாப் பேட்டரி நாள் முழுக்க 100 சதவீதத்தில், பிராசஸர் சூட்டிலேயே வெந்து கொண்டிருக்கும். தினம் ஒரு முறை நிரம்பி, ஒரு முறை காலியாகும். காரில், தினம் 50 கிலோமீட்டர் ஓட்டினால், பேட்டரியின் கால் பங்குதான் செலவாகும். முழு பேட்டரியில் 200 கிலோமீட்டர் போகும் கார், ஆயிரம் முழுச் சுற்றுகளில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். நம்மில் பலர் ஒரு காரை அவ்வளவு தூரம் ஓட்டுவதே இல்லை. தவிர ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் கண்காணிக்கத் தனிக் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது.

சூடுதான் உண்மையான எதிரி. நிஸான் லீஃப் காரின் முதல் தலைமுறையில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் அதை ஓட்டியவர்களுக்கு இரண்டு வருடத்திற்குள்ளேயே பேட்டரியின் திறன் கணிசமாகக் குறைந்து, 2012ல் பெரிய சர்ச்சையானது. வேலூரிலும் மதுரையிலும் கார் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. பேட்டரிக்கு லிக்விட் கூலிங் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

செல்களில் இரண்டு வகை பரவலாக உள்ளன. எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடியது; ஆனால் அதிகச் சுற்றுகள் தாங்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். என்.எம்.சி. வகை எடை குறைவு, அதே எடையில் அதிக தூரம். நம் வெயிலுக்கும், வீட்டு உபயோகத்திற்கும் எல்.எஃப்.பி. பொருத்தம். என்.எம்.சி. என்றால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தில் வழக்கமாக இருப்பது எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 2025ல் சில மாடல்களுக்கு டாட்டாவும் எம்.ஜி.யும் 'ஆயுள்கால' உத்தரவாதம் அறிவித்தன. நல்ல செய்திதான். ஆனால் அது முதல் உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். காரை விற்கப் போகும் நாளில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி பேட்டரியைப் பற்றித்தான் இருக்கும். பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படியுங்கள். 70 சதவீதம் என்பது பரவலான அளவு.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. எம்.ஜி. வின்ட்சர் 2024 செப்டம்பரில் அறிமுகமானபோது காரின் விலை 9.99 லட்சம், பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு என்றார்கள். மின்சாரத்தையும் சேர்த்தால் ஐந்து ரூபாயை நெருங்கும். குறைந்தபட்சம் மாதம் இத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்த ஒரு வரியே கணக்கைக் கவிழ்த்துவிடும்.

வெளியூர்ப் பயணம்

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். உண்மையில் 200 கிலோமீட்டர் தரும் காரில் இரண்டு, மூன்று முறை நிறுத்த வேண்டும். 350 தரும் காரில் ஒரு முறை போதும். திருச்சி சாலை, கோவை சாலை போன்ற முக்கியத் தடங்களில் ஃபாஸ்ட் சார்ஜர்கள் நிறைய வந்துவிட்டன. டாட்டா பவர், கோவையைச் சேர்ந்த ஜியான் போன்ற நிறுவனங்களின் ஆப்களைப் போட்டு, முன்பே கொஞ்சம் பணம் ஏற்றி வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓ.டி.பி.; பெட்ரோல் பங்க்கில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பழகியவர்களுக்கு எரிச்சலூட்டும் வேலைதான்.

60 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 60 வேகத்திலேயே ஏறும் என எண்ண வேண்டாம். காரால் 30 தான் வாங்க முடியும் என்றால் 30 தான். பழைய யு.எஸ்.பி. 1.1 போர்ட்டில் புதிய பென் டிரைவைச் செருகியது போல. 80 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் மெதுவாகத்தான் ஏற்றிக் கொள்ளும். அங்கே காத்திருக்காமல் கிளம்புவது புத்திசாலித்தனம். சரிபார்க்க வேண்டிய ஒரே விஷயம், நீங்கள் அடிக்கடி போகும் ஊர் எது என்பது. மதுரை என்றால் சரி. பிரதான சாலையில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குலதெய்வக் கோயில் என்றால், போக வரத் தேவையான கிலோமீட்டரைக் கூட்டிப் பாருங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் சார்ஜரில் உங்களுக்கு முன் மூன்று கார்கள் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்து, இது இரண்டாவது கார் என்றால் இந்தப் பகுதியை நீங்கள் படிக்கவே வேண்டியதில்லை.

மழை, வெள்ளம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. பேட்டரிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் நாள் கணக்கில் மூழ்கிக் கிடந்தன. அதற்கு இந்தத் தரம் போதாது. இன்சூரன்சில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கம்பெனி?

எட்டு, பத்து வருடம் கூட வரப்போகும் பொருள் என்பதால் சர்வீஸ் சென்டர் முக்கியம். ஃபோர்டு 2021ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர்க் காரை வைத்திருந்தவர்கள் பட்ட கவலை நமக்குத் தெரியும். ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் 2019ல் வந்து 2024ல் விற்பனையில் இருந்து நின்றது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலையைத் திறந்தது நமக்குப் பெருமைதான். ஆனாலும் உங்கள் ஊரிலேயே எலெக்ட்ரிக் காரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெட்ரோல் கார் சர்வீஸ் சென்டர் இருப்பது மட்டும் போதாது.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்து முடிக்க விடாதீர்கள். காலை எடுத்ததும் கார் தானாக வேகம் குறைவது சிலருக்குத் தலைசுற்றலைத் தரும், குறிப்பாகப் பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு. அவர்களையும் அழைத்துச் சென்று, அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் இலவசமா, மொபைல் ஆப் வசதி எத்தனை வருடத்திற்குப் பின் கட்டணமாகும் என்பதையும் அப்போதே கேட்டு விடலாம்.

டெலிவரி நாளில் சார்ஜர் கேபிளைப் பையிலிருந்து எடுத்து, ஷோரூம் பிளக்கிலேயே செருகி, சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, அது இறங்கிவிட்டால் கதவை எப்படித் திறப்பது என்பதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் சி.மாஸ் பேட்டரி போல இது இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தும், இந்தச் சின்ன பேட்டரி இறங்கியதால் கார் உயிரே இல்லாமல் நிற்கும். ஒரு மாதம் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன் இந்தச் சின்ன பேட்டரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். அதை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.